மேல்மடைக்காரரைக் கேட்டீர்களா?

பாலாற்றில் ஆந்திரம் தடுப்பணை கட்டுகிறது, இருக்கிற தடுப்பணையை உயர்த்துகிறது என்று செய்தி வந்தால் போதும், எங்கள் பக்கத்தில் அன்று மாலைக்குள் எல்லாக் கட்சி அறிக்கையும் வந்துவிடும். 1892ஆம் ஆண்டு சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை எல்லாரும் எடுத்துக் காட்டுவார்கள். கீழே இருப்பவரின் இசைவில்லாமல் மேலே இருப்பவர் புதிதாக அணை கட்டக் கூடாது என்பது அதன் சாரம். நியாயமான ஏற்பாடுதான். கலசபாக்கம் பக்கத்தில் செய்யாற்றங்கரையில் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற நானும் கீழ்மடைக்காரிதான். மேல்மடைக்காரன் மதகை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

ஆனால் அண்டை மாநிலத்திடம் உரக்கக் கேட்கிற இந்த நியாயத்தை, நம் மாநிலத்துக்குள்ளேயே இருக்கிற மேல்மடைக்காரருக்கு நாம் ஒருநாளும் கொடுத்ததில்லை. அந்த மேல்மடை ஜவ்வாது மலை.

பாலாறு தமிழ்நாட்டுக்குள் 222 கிலோமீட்டர் ஓடுகிறது. வாணியம்பாடிக்கு மேலே எல்லையைத் தாண்டி என்ன வருகிறது என்பதைப் பற்றியே பேசிப் பேசிக் காலம் போய்விட்டது. பாலாற்றுக்குக் கை கொடுக்கிற செய்யாறு ஆந்திரத்திலும் பிறக்கவில்லை, கர்நாடகத்திலும் பிறக்கவில்லை. ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம், கலசபாக்கம், போளூர் வழியாகத் திருவத்திபுரம் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் சேர்கிறது. ரதசப்தமிக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு எங்கள் ஊருக்கு வருகிறாரே, அந்த ஆறு. கமண்டல நதி, நாகநதி, மிருகண்டா நதி எல்லாமே அதே மலையின் பிள்ளைகள். எந்த மாநிலத்துடனும் வழக்குப் போடத் தேவையில்லாத தண்ணீர் இது. வழக்கில்லை என்பதாலேயே இதைப் பற்றி விவாதமும் இல்லை.

மலையடிவாரத்தில் அணைகள் கட்டியிருக்கிறோம். செய்யாற்றில் குப்பநத்தம் 700 மில்லியன் கனஅடி, கமண்டல நதியில் செண்பகத்தோப்பு 287, மிருகண்டா நதி அணை 87. மூன்றும் நிரம்பினால் ஒரு டி.எம்.சி.யை எட்டிக் கொஞ்சம் தாண்டும். திருப்பத்தூர்ப் பக்கம் ஆண்டியப்பனூர் ஓடை அணை தனி. இவற்றின் நீர்மட்டத்தைப் பயிர் வைக்கும் எங்களில் பலர் மனப்பாடமாகச் சொல்வோம். விவசாயிகள் குறைதீர்வுக் கூட்டத்துக்குப் போனால் ‘அணையை எப்போது திறப்பீர்கள், எங்கள் ஏரிக்கு எத்தனை நாள்’ என்றுதான் கேட்போம். அந்தத் தண்ணீர் எந்த ஊர் ஓடைகளைத் தாண்டி வருகிறது, அந்த ஊர்க்காரர் கோடையில் எதைக் குடிக்கிறார் என்று அந்த அரங்கில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நானும் கேட்டதில்லை.

அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூர் போகும்போது சாமை வாங்குகிற வீடு ஒன்று உண்டு. அந்த வீட்டுப் பெரியம்மா ஒருமுறை, “உங்க டேமு ரொம்பிடுச்சின்னு கீழ வெடி வெச்சாங்களாமே. எங்க ஓட மாசிக்கே வத்திப்போச்சும்மா” என்றார். அதில் கோபம் இல்லை, செய்தி சொல்கிற தொனிதான். ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளமாக இறங்குகிற ஓடை மாசியில் வற்றுகிறது என்றால் மலை தண்ணீரைப் பிடித்துவைக்க மறந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜவ்வாது மலை கெட்டிப் பாறை. அதன்மேல் மண் ஆழம் குறைவு. மழையைப் பாறை குடிக்காது; சருகும் வேரும் மெத்தென்று மூடிய மண்தான் குடித்து, கீழே சிதைந்த பாறை இடுக்குகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஊற்றாக மாதக்கணக்கில் விடும். சரிவில் காடு மெலிந்தால் அதே மழை இரண்டு நாளில் மண்ணையும் அள்ளிக்கொண்டு இறங்கிவிடும். கார்த்திகையில் வெள்ளம், மாசியில் வறட்சி என்ற இரண்டும் ஒரே நோய். அணையில் சேறு சேர்வதும் அதே நோய்தான்.

கீழே நாங்கள் செய்தது அதைவிட மோசம். இந்த ஆற்றுப் படுகை ஊர்களில் முன்பு ஊற்றுக்கால் வெட்டி வைத்திருந்தார்கள். மேலே ஆறு காய்ந்து கிடந்தாலும் மணலுக்கு அடியில் ஓடுகிற நீரைக் கால்வாய் பிடித்து ஏரிக்கோ வயலுக்கோ கொண்டுபோகும். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. மணலை அள்ளி அள்ளி ஆற்றின் மட்டம் கால்வாய்த் தலைக்குக் கீழே இறங்கிய பின் ஊற்றுக்கால் வெறும் பள்ளமாயிற்று. அதைச் செய்தது ஆந்திரம் அல்ல. பாலாற்றைத் தோல் கழிவால் கெடுத்ததும் ஆந்திரம் அல்ல; அதற்காக உச்ச நீதிமன்றம் 1996இல் ஒரு தீர்ப்பும், 2025 ஜனவரியில் மீண்டும் ஒரு தீர்ப்பும் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது தென்பெண்ணையின் உபரியை நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து பாலாற்றுக்குக் கொண்டுவரும் இணைப்பைத்தான் எல்லாரும் மருந்தாகச் சொல்கிறார்கள். வந்தால் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் தென்பெண்ணையே வழக்கில் சிக்கிய ஆறு. அதன் துணையாறான மார்க்கண்டேய நதியில் யார்கோள் அருகே கர்நாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு தொடுத்த மனுவை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் தள்ளுபடி செய்தது. மறுபக்கம், 2024 டிசம்பரில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது, அதே தென்பெண்ணையில் உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறக்க வேண்டியதாயிற்று. விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. எச்சரிக்கை உரிய நேரத்தில் போனதா என்று சட்டமன்றம்வரை சண்டை. அதாவது நாம் நம்பி நிற்கிற உபரி, சில நாள் வெள்ளமாக வரும், பல ஆண்டு வராமலே இருக்கும். அதற்குக் கால்வாய் வெட்டக் காட்டுகிற அவசரத்தில் பத்தில் ஒரு பங்கை மலையோடைகளுக்குக் காட்டினாலே போதும்.

காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் ஆற்றுப்படுகையில் உறிஞ்சு கிணறுகள் தோண்டினார்கள், ஓடைகளில் கல்தடுப்புகள் அடுக்கினார்கள். 2021 செப்டம்பரில் பிரதமரே வானொலி உரையில் அதைக் குறிப்பிட்டார். எனக்கு அந்த வேலையில் பிடித்தது, அது தண்ணீரை மறிக்காமல் மண்ணுக்குள் இறக்குகிறது. கீழே இருப்பவரிடமிருந்து எதையும் பறிப்பதில்லை. பெரிய தடுப்பணைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். குறை ஒன்று உண்டு: பாராட்டு வந்துவிட்டால் கணக்கு கிணற்றின் எண்ணிக்கையில் நின்றுவிடும். எந்த மாதம்வரை ஓடை ஓடியது என்பதைக் குறித்துவைக்க ஒரு நோட்டும், ஊருக்கு ஒருவரும் வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு திறப்பு விழாப் பந்தலுக்குக் குறைவு.

மலைமக்கள்தான் காட்டை அழித்தார்கள், ஆடு மேய்த்தே கெடுத்தார்கள் என்று கீழே சொல்பவர்கள் உண்டு. ஆடு மேய்வது உண்மை. மலையின் சந்தன மரம் மலைக் குடிசைகளிலா போய்ச் சேர்ந்தது? வாங்கியவன் கீழே இருந்தான். வேலை இல்லாமல் கோடாலியோடு வண்டி ஏறியவர்களின் முடிவையும் பார்த்தோம். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் பலர் இந்த மலையையும் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். காட்டை நம்பி வாழ வழி இருந்தால் அவர்கள் வேறொரு மாநிலக் காட்டுக்கு ஏன் போகிறார்கள்?

வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை எல்லாரும் பட்டாச் சட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் ஐந்தாம் பிரிவு, நீர்ப்பிடிப்புப் பகுதியையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்குத் தருகிறது. ஆறுகளின் தலையில் உட்கார்ந்திருக்கிற மலையாளி பழங்குடி ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் இல்லை. நீதிமன்றத் தடையால் 2008 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் இந்தச் சட்டப்படி பட்டா தர முடியாமல் நின்றது. தடை நீங்கிய பிறகாவது ஐந்தாம் பிரிவை நாம் பேசியிருக்க வேண்டும். அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி தமிழ்நாட்டில் எங்கும் அறிவிக்கப்படவில்லை என்பதால் மலைக்காரர் கையில் இருக்கும் பிடிமானமே இதுதான்.

இன்னொரு சிக்கல், மலை ஒன்று, ஆட்சியர்கள் மூன்று பேர். ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை வேலூர். புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு 2019இல் பிறந்த திருப்பத்தூர். ஓடைக்கு மாவட்ட எல்லை தெரியாது, கோப்புக்குத் தெரியும்.

கோரிக்கை பெரிதல்ல. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று, தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. அன்று மூன்று மாவட்டத்து மலை ஊராட்சிகளிலும் ஐந்தாம் பிரிவைத் தமிழில் வாசித்து, எந்த ஓடை எந்த மாதம் வற்றுகிறது, எந்தச் சரிவில் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று அவர்களையே தீர்மானம் போடச் சொல்லுங்கள். அடுத்த வாரம் மூன்று ஆட்சியர்களும் வனத்துறையும் நீர்வளத்துறையும் ஜமுனாமரத்தூரில் ஒரே கூட்டத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அந்த ஒரு மாதம் எங்கள் குறைதீர்வுக் கூட்டத்தையும் அங்கேயே வையுங்கள். போளூரிலிருந்து பஸ் இருக்கிறது. கீழ்மடைக்காரர்கள் நாங்கள் ஏறி வருகிறோம்.