மஞ்சள் தேமலைத் தாங்கும் உளுந்து விதை கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், மதுரை, வேளாண்மை இணை இயக்குநர், மதுரை.



திருமங்கலம், பேரையூர், கள்ளிக்குடி வட்டங்களின் கரிசலில் மானாவாரியாகவும், வாடிப்பட்டி, மேலூர் பக்கம் நெல்லுக்குப் பின்னும் உளுந்து விதைக்கிறோம். மதுரையின் அன்றாட இட்லி மாவுக்கான இந்தப் பயிரை மஞ்சள் தேமல் நோய் அழிக்கிறது. வெள்ளை ஈ பரப்பும் இந்த வைரஸ் இளஞ்செடியைத் தொற்றினால் காய் பிடிக்காது. மகசூல் முழுவதும் போய்விடலாம். தொற்றிய செடியைக் குணப்படுத்தும் மருந்து வயலுக்கு இல்லை. பூச்சிமருந்து அடித்தால் போதாதா என்று கேட்கப்படுகிறது. மருந்தால் ஈ சாகும். சாகும் முன்பே சாற்றை உறிஞ்சி வைரஸைச் செலுத்திவிடும். பக்கத்துக் களைகளிலிருந்து புது ஈக்களும் வந்துகொண்டே இருக்கும். ஆண்டுதோறும் மருந்துக்குச் செலவழித்தும் பயிரைக் காக்க முடியாத நிலையில், எதிர்ப்புத்திறன் விதையிலேயே இருக்க வேண்டும்.

அதற்கான அறிவியல் மதுரையிலேயே இருக்கிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த கே.வேலுதம்பி, சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களுடன் இணைந்து 2003-இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் வெளியிட்ட ஆய்வில், வைரஸின் மரபணுவை முடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறையால் நோயுற்ற உளுந்துச் செடிகள் தேறியது காட்டப்பட்டது. ஆனால் அந்த வழியில் வயலுக்கு வருவது மரபணு மாற்றப் பயிராக இருக்கும். அப்படிப்பட்ட பயிர் என்றால் எங்களில் பலருக்கே தயக்கம் உண்டு, அது நியாயமானது. அதற்கு மத்திய அரசின் தனி அனுமதியும் வேண்டும். நாங்கள் இன்று கேட்பது அதையல்ல, வழக்கமான கலப்பினச் சேர்க்கையைத்தான். மதுரை வேளாண் கல்லூரி வெளியிட்ட எம்.டி.யு. 1 ரகம் மாவு நன்கு பொங்கும் குணமுடையது, ஆனால் இந்நோய்க்கு எளிதில் ஆளாகிறது. நோயைத் தாங்கும் டிராம்பே வகையான டி.யு. 68-உடன் அதைச் சேர்த்து எதிர்ப்புத்திறனுக்குரிய மரபுக்கூறுகளை விஞ்ஞானிகள் அடையாளம் கண்டுள்ளனர். அந்தப் பணி வயலுக்கு வரும் ரகமாக முடிய வேண்டும்.

நோயைத் தாங்கும் வம்பன் 8, வம்பன் 11 ரகங்கள் ஏற்கெனவே உள்ளனவே என்றும் சொல்லலாம். உண்மை, ஆனால் அவை சான்று விதையாக, பட்டத்துக்கு முன்பே வேளாண்மை விரிவாக்க மையங்களில் கிடைத்தால்தான் பயன். விதைத்து முடித்தபின் வரும் மூட்டை உதவாது. மேலும், வட இந்தியாவில் பரவலாக உள்ள வைரஸ் வேறு, இங்குள்ளது வேறு; அங்கு தாங்கும் ரகம் இங்கும் தாங்கும் என்ற உறுதியில்லை. வைரஸும் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், ஒரே ரகத்தை நம்பியிருக்காமல் ஆண்டுதோறும் நம் வயல்களின் இலை மாதிரிகளை வேளாண் கல்லூரியில் பரிசோதிக்க வேண்டும்.

எனவே எம்.டி.யு. 1-இல் எதிர்ப்புத்திறன் சேர்க்கும் பணிக்கு நிதி பரிந்துரைக்கவும், ஆண்டு மாதிரிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யவும், வரும் புரட்டாசிப் பட்டத்துக்கு முன் எதிர்ப்பு ரகச் சான்று விதையை எல்லா வட்டாரங்களிலும் இருப்பு வைக்கவும் உத்தரவிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
விவசாயிகள் சங்க நிர்வாகிகள்