வலிமையும் வீரமும்

வீரம் பற்றிய பாடத்திடையே, மூவரை எதிர்த்தவனே ஒருவனை எதிர்த்தவனிலும் பெருவீரன் என மாணவர் சிலர் எம்மிடம் வாதிட்டனர். அவர் சான்றாகக் காட்டியவை சாம் றெய்மி இயக்கிய ஸ்பைடர்மான் படங்கள். 2004இல் வெளிவந்த இரண்டாம் படத்தினும் 2007இல் வெளிவந்த மூன்றாம் படமே சிறந்ததென்பது அவர்தங் கருத்து. நாம் அதற்கு உடன்படோம்.

இரண்டாம் படத்திற் பகைவன் ஒருவனே; பீற்றர் பாக்கர் படும் இடர்களோ பல. வாடகை கொடுக்க வகையில்லை. பீற்சா கொண்டுசேர்க்கும் வேலையும் போகின்றது. ஆற்றல் நீங்கிய நிலையிலும் எரியும் வீட்டினுட் புகுந்து ஒரு குழந்தையை மீட்கின்றான். கட்டுக்கடங்காது விரையும் புகையிரதத்தைத் தன்னுடலாலே தடுத்து மயங்கியவனைப் பயணிகள் கைகளில் ஏந்துகின்றனர். முகமூடியற்ற அவன் முகத்தைக் கண்ட சிறுவர், அதனை எவர்க்கும் வெளியிடோம் என உறுதி கூறுகின்றனர். காப்பவனை எளிய மக்கள் காக்குங் காட்சி அது.

மூன்றாம் படத்திற் பகைவர் மூவராதலிற் கதை சிதறுகின்றது. கரிய உடை பீற்றரிடத்துச் செருக்கை வளர்ப்பது நல்ல கருவே. அஃது ஆழம் பெறுமுன் அடுத்த சண்டை வந்துவிடுகின்றது. தன்னை வளர்த்தவரைக் கொன்றவனை ஈற்றில் அவன் மன்னிப்பது மட்டும் நெஞ்சில் நிற்கின்றது. அங்கும் நம்மை உருக்குவது சண்டையன்று என்பதை நோக்குக.

தறுகண்மையோடு கொடையையும் பெருமிதத்திற்கு நிலைக்களனாக வைத்தார் தொல்காப்பியர். எத்தனை பேரை எதிர்த்தான் என எண்ணற்க. பிறர்பொருட்டு எதனைக் கொடுத்தான் என நோக்குக. மாணவர்க்கு நாம் கூறும் விடை இதுவே.