எல்லாரும் ஒரே பெட்டியில் ஏறினால்?

போன வாரம் நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்து பார்த்தால், புலனத்தில் ஒரு குரல் பதிவு. தம்பின் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் சகோதரி அனுப்பியிருந்தார். "அண்ணே, பள்ளியில ஒரு வைஃபை பெட்டிதான் இருந்துச்சு. பிள்ளைங்க இணையத்துல புதிர்ப்போட்டி செய்யறப்ப சுத்திக்கிட்டே நிக்குது. காசு சேர்த்து இன்னும் ரெண்டு வாங்கி மாட்டினோம். இப்பவும் அப்படியேதான் சுத்துது. நாலாவது வாங்கலாமான்னு கூட்டத்துல பேச்சு. வாங்கலாமா?"

கொஞ்சம் பொறுங்கள் என்று உடனே பதில் போட்டேன். காரணத்தை இங்கே எழுதுகிறேன். கோயில் மண்டபத்துக்கும் தாமான் பொது மண்டபத்துக்கும் பெட்டி வாங்கக் கிளம்பியிருப்பவர்களுக்கும் இது உதவும்.

தம்பின்காரர்களுக்குக் கொமுட்டர் ரயிலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். (உங்கள் ஊர் ரயில் நிலையம் மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங்கில் இருப்பது தனிக்கதை.) பத்துமலைக்குப் போக நிற்கிறீர்கள். தைப்பூசத்தன்று எல்லாப் பெட்டியும் நிரம்பி வழியும். அதனால் சாதாரண சனிக்கிழமை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டுக்கு நேரே வந்து நிற்கும் பெட்டியில்தான் கூட்டம் முண்டியடிக்கும். கடைசிப் பெட்டியில் இருக்கை காலியாகக் கிடக்கும். "பின்னால் இடம் இருக்கிறது" என்று ஒலிபெருக்கியில் சொல்லலாம். கையைப் பிடித்து இழுத்துப்போய் ஏற்ற முடியாது.

வைஃபையும் இதே கதைதான். எந்தப் பெட்டியில் ஏறுவது என்று முடிவு செய்வது கைப்பேசி. பெட்டி அல்ல. கைப்பேசி முக்கியமாகப் பார்ப்பது ஒன்றைத்தான்: எது உரக்கக் கேட்கிறது? அங்கே ஏற்கனவே நாற்பது பேர் தொங்குகிறார்களா என்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் லேசில் விடவும் செய்யாது. காலையில் வாசலில் அலுவலகப் பெட்டியைப் பிடித்த டேப்லெட், கடைக்கோடி வகுப்புக்குப் போன பிறகும், தலைக்கு மேலே புதுப் பெட்டி கண் சிமிட்டிக்கொண்டிருக்க, பழைய உறவையே கட்டிக்கொண்டு அழும்.

என் தொழிலில் இந்தக் கவலை கிடையாது. நான் பேசுவதை நூறு பேர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் ஒலிபரப்புக் கோபுரத்துக்கு வேலை ஒன்றுதான். வைஃபையில் கேட்பவரும் திருப்பிப் பேச வேண்டும். ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ரம்சன் குழுவினர் தீவுகளில் இருந்த கணினி முனையங்களை ஒரே வானொலி அலைவரிசையில் பேசவிட்டார்கள். அலோஹாநெட் என்று பெயர். அவரவர் நினைத்த நேரத்தில் பேசுவார்கள். மோதினால் மறுபடி அனுப்புவார்கள். வைஃபை அதன் பேரப்பிள்ளை. பேசுமுன் காது கொடுத்துக் கேட்கும் அளவுக்கு மரியாதை தெரிந்த பேரப்பிள்ளை.

அந்த மரியாதையில்தான் சிக்கல். சாதாரண 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று உரசாத அலைவரிசைகள் மூன்றே: 1, 6, 11. பழைய பெட்டியும் புதிய இரண்டும் 6-இலேயே இருந்தால், மூன்றும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக் காத்திருக்கும். பெட்டி மூன்று, வரிசை ஒன்று. பெட்டி கூடினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சாட்சி ஸ்டீவ் ஜாப்ஸ். 2010 ஜூன் 7-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஐபோன் 4-ஐ மேடையில் காட்டும்போது இணையப் பக்கம் திறக்கவில்லை. அரங்கில் மட்டும் 570 வைஃபை நிலையங்கள் இயங்குகின்றன, அணைத்து வையுங்கள் என்று கூட்டத்தைக் கெஞ்ச வேண்டியதாயிற்று.

இன்னொன்று, எனக்கு வியப்பைத் தந்தது. தூரத்திலிருந்து மெதுவாகப் பேசும் ஒருவர் தன்னை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. பிரான்சின் கிரனோபிள் ஆய்வாளர்கள் 2003-இல் இதை அளந்து காட்டினார்கள். 11 மெகாபிட் வேகத்தில் இருப்பவர்கள் நடுவே 1 மெகாபிட்காரர் ஒருவர் வந்தால், வேகக்காரர்களுக்குக் கிடைப்பதும் 1-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. பேசும் முறை எல்லாருக்கும் சமமாகக் கிடைக்கிறது. அவர் தன் முறையில் ஒவ்வொரு எழுத்தாக இழுத்துப் பேசுகிறார்.

சரி, கூட்டத்தைப் பிரிக்க வழியே இல்லையா? உண்டு. நிரம்பிய பெட்டி, புதிதாகக் கதவு தட்டும் கைப்பேசிக்குச் சிறிது நேரம் பதில் சொல்லாமல் இருக்கலாம். "இடமில்லை" என்று மறுக்கலாம். 802.11வி என்ற விதிப்படி "அந்தப் பெட்டிக்குப் போ" என்று பரிந்துரைக்கலாம். சில கைப்பேசிகள் கேட்கும். சில பிடிவாதமாக இங்கேயே தட்டும். ஆனால் இதற்கெல்லாம் பெட்டிகள் ஒன்றை ஒன்று அறிந்திருக்க வேண்டும். கடைக்கு ஒன்றாக வாங்கி, ஒரே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்துவிட்டால் அவை ஒரு குடும்பம் ஆகிவிடாது. ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கும் பெட்டிகள்தான் தங்களுக்குள் சுமையைப் பங்கு போடும்.

ஆகவே நாலாவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். முதலில், பள்ளிக்குள் வரும் இணைப்பே மெலிந்ததா? பெட்டிக்கு அருகிலேயே ஒற்றைக் கைப்பேசியில் சோதித்தாலும் சுற்றுகிறதென்றால், உள்ளே எதை மாற்றியும் பயனில்லை. அது நன்றாக இருந்தால் அலைவரிசைகளை 1, 6, 11 எனப் பிரியுங்கள். அலுவலகப் பெட்டியின் சத்தத்தைக் குறையுங்கள். கடைக்கோடி வகுப்பில் அது கேட்கவே கூடாது. புதியவற்றை நடைபாதையில் தொங்கவிடாமல் வகுப்புக்குள் மாட்டுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அலைவரிசைகள் அதிகம். சுவரைத் தாண்டத்தான் திணறும். வகுப்புக்குள் இருந்தால் அதுவே வசதி.

பொருத்த வருபவர் ஒரு யோசனை சொல்லக்கூடும்: "மெதுவான இணைப்புகளைத் துண்டித்துவிடலாம், மற்றவர்களுக்கு வேகம் கிடைக்கும்." கணக்குப்படி சரிதான். ஆனால் துண்டிக்கப்படுவது யார்? அண்ணன் பயன்படுத்தித் தந்த பழைய கைப்பேசியோடு வரும் பிள்ளை; 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்காத மலிவு டேப்லெட் வைத்திருப்பவள்; இடமில்லாமல் சுவர் ஓரத்துக் கடைசி மேசையில் உட்கார்ந்தவன். திரையில் "இணைப்பு இல்லை" என்று மட்டும் வரும். ஆசிரியர் பிள்ளையின் மேல் குறை சொல்வார், பிள்ளை கைப்பேசியைக் குறை சொல்லும்.

எனவே அந்த விசையை அழுத்த விடுமுன், பள்ளியில் இருப்பதிலேயே பழைய கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு கடைசி மேசையில் போய் உட்காருங்கள். அங்கே புதிர் திறக்கிறதா பாருங்கள். திறக்கவில்லையென்றால், இருக்கும் பெட்டி ஒன்றை 2.4-இல் அந்த மூலைக்கே நகர்த்துங்கள். ஒரு ஏணியும், தேவைப்பட்டால் சில மீட்டர் கம்பியும் போதும்.