கல்லாவில் குறைந்த பை

சென்ற மாதம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு பல்கலைக்கழக மாணவி என்னை நிறுத்தினார். பேரங்காடிகளில் பைக்குக் கட்டணம் வந்தபிறகு பிளாஸ்டிக் பை பயன்படுத்துவதைக் குறைத்துவிட்டீர்களா என்று கேட்டார். “நிறையவே குறைத்துவிட்டேன்,” என்றேன். தோளில் துணிப்பை வேறு தொங்கியது.

வீட்டில் குப்பைத்தொட்டிக்குப் பை மாற்றும்போதுதான் உறைத்தது. அது நான் காசு கொடுத்து வாங்கிய குப்பைப் பை. முன்பெல்லாம் பேரங்காடிப் பையைத்தான் போடுவோம். நான் பொய் சொல்லவில்லை, முழு உண்மையும் சொல்லவில்லை. அந்தக் கேள்வித்தாளில் அதற்கு இடமும் இல்லை.

2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகள் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. ஆண்டு வருவாய் 100 மில்லியன் வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கே இந்த விதி. ஈரச்சந்தை மீன்காரர் இன்னும் இரண்டு பை போட்டுத்தான் தருகிறார். வேண்டாமென்றால் கோபித்துக்கொள்கிறார்! கல்லாவில் மட்டும் எண்ணினால் இவையெல்லாம் கணக்கில் வரா.

பிறகு எங்கே எண்ணுவது? கலிஃபோர்னியாவில் பைத் தடை ஊருக்கு ஊர் வெவ்வேறு காலத்தில் வந்தது. பொருளியல் ஆய்வாளர் ரெபெக்கா டெய்லர் அதையே வசதியாக்கிக்கொண்டார். தடை வந்த ஊரை வராத ஊரோடு ஒப்பிட்டால், எல்லா ஊருக்கும் பொதுவான மாற்றங்களைக் கழித்துவிடலாம். அவர் யாரையும் நிறுத்திக் கேட்கவில்லை. கடைகளின் விற்பனைப் பதிவில், தடைக்குள் வராத குப்பைப் பைகளைத் தேடினார். 2019ல் முடிவு வெளியானது. தடையால் 40 மில்லியன் பவுண்டு எடை பிளாஸ்டிக் குறைந்தது. குப்பைப் பைகளாக 12 மில்லியன் பவுண்டு திரும்பி வந்தது. சிறிய குப்பைப் பைகளின் விற்பனை இரு மடங்கையும் தாண்டியது. தடை வீணல்ல. ஆனால் கல்லாவில் தெரிந்த லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வீட்டுச் சமையலறையில் கரைந்துவிட்டது.

நம் ஊரில் விதி ஒரே நாளில் தீவு முழுவதும் வந்தது. ஊரோடு ஊரை ஒப்பிட வழியில்லை. விதிக்குள் வந்த கடையை வராத கடையோடு ஒப்பிடலாம் என்றால், என்னைப்போல இரண்டிலும் வாங்குபவர்கள் அந்தக் கணக்கைக் குழப்பிவிடுவோம். குப்பைப் பை விற்பனையைக் கட்டணத்துக்கு முன்னும் பின்னும் பார்ப்பது ஓரளவு உதவும். குடியிருப்பாளர் சம்மதித்தால், சில வீடுகளின் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்ப்பது இன்னும் மேல்.

மறுநாள் இதைச் சொல்லக் கீழே போனேன். மாணவி அங்கு இல்லை. என்னுடைய “நிறையவே” இந்நேரம் அவர் கணினியில் ஏறியிருக்கும்.