மரத்தின் வளர்ச்சி: சுற்றளவு மட்டும் போதுமா?

வளரும் வட்டம் ஒன்றின் ஆரம் காலத்தைச் சார்ந்தது. அதன் பரப்போ ஆரத்தைச் சார்ந்தது. எனவே பரப்பும் காலத்தைச் சார்ந்ததேயாகும். இதனைக் கணித நூல்கள் சார்புகளின் சேர்ப்பு என வழங்குகின்றன. இப்பாடத்திற்குக் குளத்தில் எறிந்த கல்லையும் அதனால் விரியும் அலையையும் எடுத்துக்காட்டாகக் கூறுவது பள்ளிகளில் வழக்கம். அவ்வலை சில நொடிகளில் மறைந்துவிடும். அதனை அளந்து பார்ப்பார் எவருமிலர். ஆனால், ஓரிடத்தில் நிலையாக நின்று ஆண்டுதோறும் விரியும் வட்டம் ஒன்று நம் கண்முன்னேயே உள்ளது. அதுவே மரத்தின் அடிமரம்.

பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் சூழலியல் மையம், 1988 ஆம் ஆண்டில், நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் நிலப்பகுதியை நிலையான ஆய்வுக்களமாக வகுத்தது. பனாமா நாட்டில் 1980களின் தொடக்கத்தில் அமைந்த இத்தகைய களமே இதற்கு முன்னோடி. முதுமலைக் களத்தில் 1 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுடைய தண்டுகள் யாவும் இலக்கமிடப்பட்டு, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அளக்கப்பட்டன. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டினை அளப்பது இத்தகைய களங்களின் முறை.

அளவு நாடா தருவது சுற்றளவையே. மரத்தின் கனத்தையும் அதில் அடங்கிய கரியின் அளவையும் மதிப்பிடுவதற்கோ குறுக்குவெட்டுப் பரப்பு வேண்டும். சுற்றளவைத் தன்னால் பெருக்கி 12.57 ஆல் வகுத்தால் பரப்புக் கிடைக்கும்.

ஒரு மரத்தின் சுற்றளவு இன்று 60 சென்டிமீட்டர், ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் கூடுகிறது எனக் கொள்வோம். அதன் பரப்பு இன்று ஏறத்தாழ 286 சதுர சென்டிமீட்டர். பத்தாண்டில் சுற்றளவு 80 ஆக, பரப்பு 509 ஆகும். இருபதாண்டில் சுற்றளவு 100 ஆக, பரப்பு 796 ஆகும். சுற்றளவு இரு பத்தாண்டுகளிலும் ஒரே அளவில் கூடியது. பரப்போ முதற் பத்தாண்டில் 223ம், அடுத்ததில் 287ம் கூடியது.

இனி, இரண்டாம் பத்தாண்டில் சுற்றளவு 20க்குப் பதிலாக 17 சென்டிமீட்டரே கூடியதாக வைத்துக்கொள்வோம். சுற்றளவை மட்டும் நோக்குவோர், மரத்தின் வளர்ச்சி தளர்ந்துவிட்டது என்று எழுதிவிடுவர். ஆயினும் பரப்பு 749 ஐ எட்டும், கூடுதல் 240. முற்பத்தாண்டைவிட மிகுதியாகவே மரம் புதுக்கட்டையைச் சேர்த்துள்ளது! முதிர்ந்த மரத்தை வெட்டலாமா, காக்கலாமா என முடிவு செய்யும் இடத்தில் இவ்வேறுபாடு சிறியதன்று. ஆகவே அறிக்கைகளில் சுற்றளவை அடுத்துப் பரப்பிற்கும் ஒரு பத்தி இருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து.

இக்கணக்கிற்கு எல்லைகளும் உண்டு. அடிமரம் முழு வட்டமன்று. ஒரே சுற்றளவுடைய வடிவங்களுள் வட்டமே மிகுந்த பரப்புடையதாதலின், கோணலான தண்டிற்கு இக்கணக்கு உள்ளதைவிட மிகுத்தே காட்டும். வறண்ட காடுகளில் நீரின்மையால் தண்டு சிறிது சுருங்குவதும் உண்டு. ஒரே பருவத்தில், வண்ணமிட்ட ஒரே இடத்தில் அளத்தல் இன்றியமையாதது. நாடா 1 சென்டிமீட்டர் பிழைபட்டால், 60 சென்டிமீட்டர் மரத்தில் பரப்பு 10 சதுர சென்டிமீட்டரளவே பிழைபடும்; 160 சென்டிமீட்டர் மரத்தில் 25க்கு மேல் பிழைபடும். பெருமரத்தை அளக்கையில் கவனமும் பெரிதாக வேண்டும். மேலும், இருபதாண்டு அளவைக் கொண்டு நூறாண்டு வளர்ச்சியைக் கூறிவிடலாகாது. காலத்தோடு சுற்றளவு கொண்ட தொடர்பு மழையாலும் தீயாலும் மாறுவது; சுற்றளவோடு பரப்புக் கொண்ட தொடர்போ வடிவியல் விதியாதலின் மாறாதது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே சார்புகளின் சேர்ப்பைக் கற்பதன் பெரும்பயன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி வளாகத்து வேம்பையோ புங்கையோ ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் மாணவரைக் கொண்டு அளக்கச் செய்யுங்கள். அளவுகளை ஒரே குறிப்பேட்டில் எழுதி, அடுத்து வரும் வகுப்பிடம் ஒப்படையுங்கள். ஐந்தாறு வகுப்புகள் கடந்தபின், அக்குறிப்பேடே அப்பள்ளியின் கணிதப் பாடமாகும்.