பெரிய டயர் மாட்டியாச்சு... கியர்?

ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டினால் கம்பீரம் கூடும். ஆனால், மேட்டில் ஏறும்போது இன்ஜின் திணறுவது ஏன்?

அமெரிக்காவில் விற்கும் ஜீப் ராங்ளர் ரூபிகானில் பெரும்பாலும் 33 அங்குல டயர். ஆக்ஸில் கியர் விகிதம் 4.10. அதாவது, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் 4.10 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். 37 அங்குல டயர் மாட்டினால், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி கூடுதல் தூரம் போகும். அந்த அளவுக்கு இழுவை குறையும்.

இதற்குத் தீர்வு, ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன், பினியனை மாற்றுவதுதான். கணக்கு எளிது: 4.10-ஐ 37-ஆல் பெருக்கி, 33-ஆல் வகுத்தால் சுமார் 4.60. கடையில் கிடைக்கும் 4.56 போட்டால், பழைய இழுவை ஏறக்குறையத் திரும்பிவிடும். பெரிய டயர் எடையும் கூடுதல் என்பதால், பலர் 4.88 போடுகிறார்கள்.

இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. முன், பின் ஆக்ஸில் இரண்டிலும் ஒரே விகிதம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஃபோர் வீல் டிரைவ் போட்டதும் ஒன்றையொன்று இழுத்துப் பாகங்கள் உடையக்கூடும்.

அடுத்தது, ஸ்பீடோமீட்டர். புதிய டயர் அளவுக்கு அதைச் சரிசெய்யாவிட்டால், 80 கி.மீ. என்று காட்டும்போது வண்டி 90-ஐத் தொட்டிருக்கும். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர், அந்த 80-ஐ நம்பித்தானே பிரேக்கை மிதிப்பார்?