மாடும் கூட்டு விகிதமும்

ஆயுள் காப்பீட்டைப் பற்றிப் பேசாத வீடு நம்மிடையே இல்லை. தீ, வாகனம், கால்நடை, பயிர் இவற்றுக்கான பொதுக் காப்பீட்டையோ, வண்டி வாங்கும்போது கட்டும் தொகை என்ற அளவில்தான் அறிந்திருக்கிறோம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி 107 கம்பெனிகள் நாட்டுடைமையாகி நான்காக இணைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றான யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் நம் சென்னையில்தான் உள்ளது. 2000-க்குப் பின் தனியாரும் வந்தனர். எது திறமையாக இயங்குகிறது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

வழக்கமான கணக்கு எளிது. நூறு ரூபாய் பிரிமியத்தில் இழப்பீட்டுக்கு எழுபத்தைந்தும், கமிஷன், சம்பளம், வாடகைக்கு முப்பதும் போனால் கூட்டு விகிதம் 105. நூறைத் தாண்டினால் காப்பீட்டுத் தொழிலில் நட்டம். முதலீட்டு வருவாயால் அதை ஈடுகட்டி இலாபம் காட்டுவது வேறு கதை.

1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் என்னும் மூவர் இன்னொரு முறை வகுத்தனர். நாம் வகுப்பில் போடும் நேரியல் திட்டமிடல் கணக்குதான் அது. சிறப்பாக இயங்கும் நிறுவனங்களோடு மற்றவற்றை ஒப்பிட்டு மதிப்பெண் தரும். ஆனால் எது உள்ளீடு, எது வெளியீடு என்று கணக்கு சொல்லாது, நாம்தான் சொல்லவேண்டும். பணியாளரும் மூலதனமும் உள்ளீடு, சரி. இழப்பீடு எது? கம்பெனிக்கு அது செலவு. காப்பீடு எடுத்தவனுக்கோ, அவன் காசு கொடுத்து வாங்கிய பண்டமே அதுதான். ஆராய்ச்சியாளர் சிலர் அதை வெளியீடாகவே கொள்கின்றனர். என் கட்சியும் அதுவே.

நான் ஒன்பதாம் வகுப்பில் படிக்கையில் எங்கள் கறவை மாடு செத்தது. கடனில் வாங்கிய மாடு, காப்பீடும் இருந்தது. காதில் குத்திய வில்லை மட்டும் எங்கோ வேலியில் சிக்கி அறுந்துபோயிருந்தது. வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை என்பது விதி. அறுந்தால் உடனே எழுதிக் கொடுத்து வேறு வில்லை குத்தவேண்டும் என்று பத்திரத்தில் இருந்தது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. மாட்டைப் புதைத்த பிறகுதான் நான் அதைப் படித்தேன். விதியை நான் குறை கூறவில்லை. அது இல்லாவிடில் அடுத்த வீட்டு மாட்டைக் காட்டியும் பணம் கேட்பார்கள். ஆயினும் அந்த ஆண்டுக் கணக்கில் எங்கள் மாடு எப்படிப் பதிவாகியிருக்கும்? இழப்பீடு குறைந்தது, விகிதம் இறங்கியது, கம்பெனியின் திறமை ஒரு நூலளவு உயர்ந்தது!

அள்ளிக் கொடுப்பதெல்லாம் திறமையா என்று வணிகவியல் நண்பர்கள் கேட்பார்கள். இல்லைதான். பொய்க் கோரிக்கைக்குப் பணம் கொடுத்தால் அது பிறர் கட்டிய பிரிமியம். ஆகவே தொகையை மட்டும் பாராமல், விண்ணப்பித்த நாள் முதல் பணம் கைக்கு வர எத்தனை நாள், மறுத்தவை எத்தனை, என்ன காரணத்தால் என்பவற்றையும் அளவுகோலில் சேர்க்கவேண்டும் என்கிறேன். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகும் புகார்களையும் சேர்க்கலாம். அப்படி ஓர் அலுவலகம் இருப்பதே எங்கள் வீட்டில் அன்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்த எண்ணிக்கையிலும் எங்கள் மாடு இராது.